முன்னவர் கைவைத்த வீடு: அறிகுறியைப் பிடித்துக் கோளாறைத் தேடும் வழிமுறை

பழைய வீடு ஒன்றைப் புதுப்பிக்கத் தொடங்கினால் இரண்டு கைகளின் வேலை அதில் தெரியும். ஒன்று கட்டியவர்களின் கை. இன்னொன்று, பின்னால் குடியிருந்தவர் ஏதோ ஒரு விடுமுறை நாளில், கிடைத்த பொருளை வைத்துத் தாமே செய்துகொண்ட வேலை. கட்டியவர்களின் வேலை நல்லதோ கெட்டதோ, அதில் ஓர் ஒழுங்கு இருக்கும். ஒரு சுவரைத் திறந்து பார்த்தால் அடுத்த சுவரை ஊகித்துவிடலாம். குடியிருந்தவரின் வேலையில் அந்த ஊகம் பலிக்காது. ஸ்விட்சுக்கு நேர்மேலே ஏறவேண்டிய வயர் மூலைவாட்டில் போகும். எர்த் என்று நம்பிய பச்சை வயரில் மின்சாரம் ஓடும். பயன்பாட்டில் இல்லை என்று நினைத்த குழாய், பூச்சுக்குள் ஒரு மரக்கட்டையால் அடைக்கப்பட்டு, தண்ணீரின் முழு அழுத்தத்தோடு காத்திருக்கும்.

என் வீட்டில் நான் முதலில் செய்த தவறு, கண்ணில் பட்ட ஒட்டுவேலையை எல்லாம் உடனே பெயர்த்தெடுத்தது. புதிதாகப் பூசினேன், பழைய கறை அதே இடத்தில் திரும்பி வந்தது. அப்போதுதான் உறைத்தது: முன்னவர், அதாவது எனக்கு முன் இங்கே குடியிருந்தவர், காரணமில்லாமல் கரண்டியைக் கையில் எடுக்கவில்லை. அவர் கண்ட கோளாறு அந்த ஒட்டுக்கு அடியில் இன்னமும் இருக்கிறது. அவர் அறிகுறியை மூடினார். நானும் அதையே இன்னும் நேர்த்தியாகச் செய்திருந்தேன். அன்றிலிருந்து எந்த ஒட்டுவேலையைத் தொடுவதற்கு முன்னும் இரண்டு கேள்விகள் கேட்டுக்கொள்கிறேன். எதைக் கண்டு இதைச் செய்தார்? இதை எடுத்துவிட்டால் எது சரியும், எது ஒழுகும், எது நின்றுபோகும்?

## உளியை எடுப்பதற்கு முன்

வீட்டின் எல்லாச் சுவர்களையும் ஒரு மரக்குச்சியால் தட்டிக்கொண்டே நடந்து பாருங்கள். பிடிப்புள்ள பூச்சு கெட்டியாக ஒலிக்கும். சுவரை விட்டு விலகிய பூச்சு பொள்ளென்று ஒலிக்கும். மாலையில் ஒரு டார்ச் விளக்கைச் சுவரை ஒட்டிச் சாய்த்துப் பிடித்தால், பகலில் தெரியாத பட்டிப் பூச்சுத் திட்டுகள் மேடுபள்ளமாகத் தெரியும். அந்தத் திட்டுகளைப் பென்சிலால் சுற்றி வரைந்து படம் எடுத்து வையுங்கள். பிற்பாடு வரும் ஈரமோ விரிசலோ இவற்றோடு எங்கே ஒத்துப்போகிறது என்பதுதான் பாதி விடை.

இரண்டு எச்சரிக்கைகள். மிகப் பழைய பெயிண்டில் ஈயம் இருக்கக்கூடும். அதை உலர்ந்த நிலையில் தேய்த்துத் தூளாக்காதீர்கள். பழைய சிமெண்ட் அட்டை, பழைய சிமெண்ட் குழாய் ஆகியவற்றில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கக்கூடும். அவற்றை அறுக்கவோ துளையிடவோ வேண்டாம். பரிசோதித்த பிறகே தொடுங்கள்.

## ஸ்விட்சை அணைத்த பிறகும் விளக்கு மங்கலாக எரிகிறது

எல்.இ.டி. விளக்கு வந்த பிறகு அதிகம் கண்ணில் படுகிற அறிகுறி இது. பழைய குண்டு பல்பு இந்தக் கோளாறை மறைத்து வைத்திருந்தது. ஸ்விட்சுக்குள் சின்ன இண்டிகேட்டர் விளக்கு இருந்தாலோ, நீளமான வயர்கள் ஒன்றையொன்று ஒட்டிப் போனாலோ எல்.இ.டி. இலேசாக ஒளிரும், அதனால் ஆபத்து இல்லை. ஆனால் முன்னவர் கைவைத்த வீட்டில் முதலில் சந்தேகப்பட வேண்டியது வேறு: ஸ்விட்ச், மின்சாரம் வரும் பேஸ் வயரில் இல்லாமல், அது திரும்பும் நியூட்ரல் வயரில் மாட்டப்பட்டிருக்கலாம். அப்படியானால் ஸ்விட்சை அணைத்தாலும் ஹோல்டரில் பேஸ் இருந்துகொண்டே இருக்கும். விளக்கு அணைந்துவிட்டது என்று நம்பிப் பல்பை மாற்றப் போகிறவர் கையை வைப்பது உயிருள்ள மின்சாரத்தில்.

பல்பைக் கழற்றிவிட்டு, ஸ்விட்சின் இரண்டு முனைகளையும் எர்த்தோடு ஒப்பிட்டு அளந்து பாருங்கள். சரியான இணைப்பில் ஒரு முனையிலாவது முழு வோல்டேஜ் காட்டும். இரண்டிலும் இல்லையென்றால் ஸ்விட்ச் நியூட்ரலைத்தான் வெட்டுகிறது. நியான் டெஸ்டரை மட்டும் நம்பி இதைச் செய்ய வேண்டாம். இரண்டு முனை உள்ள டெஸ்டர் வேண்டும். அதையும் முதலில் உயிருள்ள ஒரு சாக்கெட்டில் சோதித்து, பிறகு வேண்டிய இடத்தில் அளந்து, மறுபடியும் அதே சாக்கெட்டில் சோதிக்க வேண்டும். டெஸ்டர் பழுதாகி ‘இல்லை’ என்று காட்டுவதும் உண்டு.

அடுத்து, ஒரு விளக்கா, அந்த சர்க்யூட் முழுவதுமா என்று பாருங்கள். ஒன்று மட்டுமென்றால் அந்த ஸ்விட்ச் பெட்டியிலோ அருகிலுள்ள ஜங்ஷன் பாக்ஸிலோ வயர் மாறியிருக்கிறது. சர்க்யூட் முழுவதும் அப்படியென்றால் எம்.சி.பி. (சுமை மிஞ்சினால் தானே அணையும் ஸ்விட்ச்) இருக்கும் பெட்டியில்தான் பேஸும் நியூட்ரலும் இடம் மாறியிருக்கின்றன. அங்கே ஒரே இடத்தில் திருத்தினால் போதும். வயரின் நிறத்தைச் சான்றாக எடுத்துக்கொள்ளாதீர்கள். முன்னவர் வீட்டில் இருந்த துண்டு வயரை, இருந்த நிறத்தில் போட்டிருப்பார்.

## ஆர்.சி.சி.பி. அடிக்கடி விழுகிறது

ஆர்.சி.சி.பி. என்பது மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் பாதுகாப்புக் கருவி. அது தானாக அணைந்துகொள்வதைத்தான் ‘விழுகிறது’ என்கிறோம். இங்கே நான் அதிக நேரம் செலவிடச் சொல்வேன். முன்னவர்கள் செய்த மிக ஆபத்தான வேலைகளுக்குத் தொடக்கமாக இருந்தது இந்த எரிச்சலூட்டும் அறிகுறிதான். அடிக்கடி விழுகிறதே என்று அதைத் தாண்டி வயர் இழுத்துவிடுவார்கள். எனவே சோதனையைத் தலைகீழாகத் தொடங்குங்கள். ஆர்.சி.சி.பி.யை நீங்களே அணைத்துவிட்டு, வீடு முழுக்கச் சென்று எந்தச் சாக்கெட்டில், எந்த விளக்கில் இன்னமும் மின்சாரம் இருக்கிறது என்று பாருங்கள். தனி ஏற்பாடாக வெளியே விடப்பட்ட சர்க்யூட் இருந்தால் மின்பெட்டியில் அதற்கு அடையாளம் இருக்க வேண்டும். அடையாளமே இல்லாமல் ஏதாவது எரிந்தால், அது பாதுகாப்பைத் தாண்டி இழுக்கப்பட்ட வயர்.

வீடுகளில் பொதுவாக இருப்பது 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. பேஸில் போன மின்னோட்டமும் நியூட்ரலில் திரும்பிய மின்னோட்டமும் அந்த அளவுக்கு வேறுபட்டால் அது விழும். விழுகிறது என்றால் எங்கோ மின்சாரம் வேறு வழியில் திரும்புகிறது. எல்லா எம்.சி.பி.யையும் அணைத்து, ஆர்.சி.சி.பி.யை ஏற்றி, ஒவ்வொன்றாகப் போட்டு வாருங்கள். குறிப்பிட்ட ஒன்றைப் போட்டதும் விழுந்தால், அந்த சர்க்யூட்டின் கருவிகளை எல்லாம் பிடுங்கிவிட்டு மறுபடி போடுங்கள். இப்போது நின்றால் கோளாறு கருவியில். இப்போதும் விழுந்தால் சுவருக்குள்.

பலரைக் குழப்புகிற இடம் அடுத்தது. சந்தேகப்பட்ட எம்.சி.பி.யை அணைத்த பிறகும் ஆர்.சி.சி.பி. விழலாம். ஒற்றை முனை எம்.சி.பி. பேஸை மட்டும்தான் வெட்டும். நியூட்ரல் தொடர்பிலேயே இருக்கும். அணைத்த சர்க்யூட்டின் நியூட்ரல் எங்காவது எர்த்தைத் தொட்டுக்கொண்டிருந்தால், மற்ற அறைகளில் சுமை ஏறும்போது அதன் வழியே ஒரு பங்கு கசிந்துபோகும். மெயினை அணைத்துவிட்டு, நியூட்ரல் கட்டையிலிருந்து ஒவ்வொரு சர்க்யூட்டின் நியூட்ரலையும் தனித்தனியாகக் கழற்றி எர்த்தோடு அளப்பதுதான் வழி. இது எலக்ட்ரீஷியன் வேலை. வயரின் உறை மின்சாரத்தை எவ்வளவு தடுக்கிறது என்று காட்டும் 500 வோல்ட் மெகர் கருவியை வைத்து அவர் அளப்பார். 1 மெகா ஓமுக்குக் கீழே காட்டும் சர்க்யூட்டை அப்படியே விட்டு வைக்கக் கூடாது. அளப்பதற்கு முன் மின்னணுக் கருவிகளைப் பிடுங்கிவிடச் சொல்லுங்கள்.

குறிப்பிட்ட ஒரு விளக்கையோ சாக்கெட்டையோ பயன்படுத்தும்போது மட்டும் விழுந்தால், அதற்கு நியூட்ரல் வேறொரு சர்க்யூட்டிலிருந்து, அநேகமாக ஆர்.சி.சி.பி.க்கு முன்னால் இருந்து, கடன் வாங்கப்பட்டிருக்கும். புதிதாகச் சேர்த்த மாடி விளக்கு, வெளிவிளக்கு இவற்றில் இது சகஜம்.

சாக்கெட்டுகளைக் கழற்றும்போது இன்னொன்றைத் தேடுங்கள்: எர்த் முனைக்கும் நியூட்ரல் முனைக்கும் இடையே ஒரு குட்டி வயர். எர்த் வயர் இல்லாத பழைய வீட்டில், மூன்று முனை சாக்கெட்டைப் போட்டுவிட்டு, எர்த் இருப்பதுபோல் காட்ட இப்படிச் செய்திருப்பார்கள். சாக்கெட்டில் செருகிப் பார்க்கும் சாதாரணச் சோதனைக் கருவியும் ‘எல்லாம் சரி’ என்றே காட்டும். ஆனால் அந்த நியூட்ரல் எங்காவது அறுந்தால், செருகியிருக்கும் கருவியின் உலோக உடல் முழுவதும் மின்சாரம் ஏறிவிடும். கண்டால் அந்தச் சாக்கெட்டை அன்றே பயன்பாட்டிலிருந்து எடுத்துவிடுங்கள். உண்மையான எர்த் வயர் இழுத்த பிறகு திருப்பிப் போடலாம்.

ஆர்.சி.சி.பி.யின் டெஸ்ட் பொத்தானை அழுத்தினால் விழவே இல்லையா? மின்சாரம் இருந்தும் விழாத ஆர்.சி.சி.பி.யை மாற்றித்தான் ஆக வேண்டும். பொத்தானை அழுத்தி அது விழுந்துவிட்டது என்பதால் எர்த் சரியாக இருக்கிறது என்று பொருள் கொள்ளாதீர்கள். அந்தப் பொத்தான் எர்த்தைச் சோதிப்பதில்லை.

## எம்.சி.பி. விழவே இல்லை, சாக்கெட் மட்டும் சூடாகிறது

முதலில் எம்.சி.பி.யின் எண்ணையும் வயரின் கனத்தையும் ஒப்பிடுங்கள். 1.5 சதுர மி.மீ. செப்பு வயருக்கு 10 ஆம்பியரும், 2.5 சதுர மி.மீ. வயருக்கு 16 முதல் 20 ஆம்பியரும் பொதுவான வரம்பு. அடிக்கடி விழுந்த 16 ஆம்பியரைக் கழற்றிவிட்டு 32 ஆம்பியரைப் போட்டிருந்தால், இனி எம்.சி.பி. விழுவதற்கு முன் வயர் வெந்துபோகும். சரியான எண்ணுக்குத் திரும்புங்கள். மறுபடி விழுந்தால் அந்த சர்க்யூட்டில் சுமை அதிகம். அதற்குத் தீர்வு தனி வயர்.

எண் சரியாக இருந்தும் சூடு என்றால் தளர்ந்த திருகு அல்லது முறுக்கி டேப் சுற்றிய இணைப்பு. அலுமினிய வயரையும் செப்பு வயரையும் நேரடியாக முறுக்கியிருந்தால் அந்த இணைப்பு காலப்போக்கில் அரித்துத் தளரும். அவற்றுக்கென்று உள்ள கனெக்டர் வேண்டும். பூச்சுக்குள் புதைத்த இணைப்பு எதையும் மறுபடி புதைக்காதீர்கள். இணைப்பு இருக்கும் இடத்தில் திறக்கக்கூடிய பெட்டி இருக்க வேண்டும். கருகல் வாசம் வந்தால் சோதனையெல்லாம் பிறகு, மெயினை அணையுங்கள்.

ஓர் அறையில் விளக்கு கண் கூசும்படி பிரகாசமாகவும் இன்னோர் அறையில் மங்கியும் எரிந்தாலும் அப்படியே. பொது நியூட்ரல் தளர்ந்திருக்கிறது. சில நிமிடங்களில் கருவிகள் எரிந்துபோகலாம்.

## சுவரில் ஒரே இடத்தில் பெயிண்ட் மறுபடி மறுபடி உரிகிறது

நான் இரண்டு முறை தோற்ற அறிகுறி இது. படுக்கையறைச் சுவரில் முழங்கால் உயரத்தில் பெயிண்ட் கொப்பளித்திருந்தது. சுரண்டினால் உள்ளே இன்னொரு பெயிண்ட், அதற்குள் பட்டி, அதற்குள் ஒரு கறுப்பு நீர்த்தடைப் பூச்சு, அதற்குள் சிமெண்ட் பூச்சு. முன்னவர் எத்தனை ஆண்டுகள் அந்தச் சுவரோடு போராடியிருக்கிறார் என்பது அடுக்கடுக்காகத் தெரிந்தது. அவ்வளவும் உள்ளிருந்து செய்தவை. தண்ணீர் வெளியிலிருந்து வந்துகொண்டிருந்தது: சுவருக்கு வெளியே மண்ணைக் கொட்டி நடைபாதை உயர்த்தியபோது, கட்டியவர்கள் அடித்தளத்தில் விட்டிருந்த ஓதம் தடுக்கும் அடுக்கு மண்ணுக்கு அடியில் போய்விட்டது. அந்த நடைபாதையும் முன்னவர் போட்டதுதான். ஒரு வேலை இன்னொரு வேலையைப் பெற்றெடுத்திருந்தது.

ஆகவே கறையின் வடிவத்திலிருந்து தொடங்குங்கள். தரையிலிருந்து ஏறி, ஏறத்தாழ ஒரு மீட்டருக்குள் ஒரு கோட்டில் நின்று, அந்தக் கோட்டில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் நிலத்து ஓதம். மழைக்குப் பிறகு மட்டும் கருத்தால் வெளிச்சுவரிலோ ஜன்னல் விளிம்பிலோ வெடிப்பு. மழையோ வெயிலோ, எப்போதும் ஒரே அளவில் வட்டமாக இருந்தால் உள்ளே குழாய். குளிர்ந்த காலை வேளைகளில் மட்டும், மூலைகளிலும் அலமாரிக்குப் பின்னும் கறுப்புப் பூஞ்சையாக வந்தால், அது அறைக்குள் இருக்கும் ஈரக்காற்று சுவரில் படிவது.

கடைசி இரண்டில் குழப்பம் வந்தால் ஒரு பிளாஸ்டிக் தாளை 45 செ.மீ. சதுரமாக வெட்டி, நான்கு ஓரமும் டேப்பால் ஒட்டி ஒரு நாள் விட்டுவையுங்கள். தாளின் அறைப்பக்கம் நனைந்திருந்தால் ஈரம் காற்றிலிருந்து வருகிறது. சுவர்ப்பக்கம் நனைந்திருந்தால் சுவரிலிருந்து. ஒரே தாள், ஒரே நாள். வீணாகும் பல பூச்சு வேலைகளை இது மிச்சப்படுத்தும்.

காரணத்தை நிறுத்திய பிறகு உலரவிடுங்கள். சுவரின் கனத்தில் மாதத்துக்கு 25 மி.மீ. என்பது தோராயக் கணக்கு, 230 மி.மீ. செங்கல் சுவர் ஒரு பக்கமாக மட்டும் உலர்ந்தால் ஒன்பது மாதம் ஆகலாம். பொறுக்க முடியாமல் உடனே பூசி, அதன்மேல் காற்றுப் புகாத பெயிண்டை அடித்தால், உள்ளே மாட்டிக்கொண்ட ஈரம் அந்தப் பூச்சுக்கு மேலே ஏறி, இதுவரை நன்றாக இருந்த இடத்தில் வெடிக்கும். பழைய பூச்சில் தங்கிய உப்பு காற்றிலிருந்தே ஈரத்தை இழுக்கும். அதனால் கறைக்கு மேலே இன்னும் அரை மீட்டர் வரை பூச்சைப் பெயர்த்துவிட்டு உலரவைப்பதே நல்லது. சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய சுவருக்குச் சுண்ணாம்புப் பூச்சையே திருப்பிக் கொடுங்கள். சிமெண்ட் அந்தச் சுவரை மூச்சடைத்துவிடும்.

## குளியலறைக்குக் கீழே உள்ள கூரையில் ஈரவட்டம்

தண்ணீர் வரும் வழி மூன்று: வரவுக் குழாய், கழிவுக் குழாய், தரையின் மேற்பரப்பு. முன்னவர் மூன்றாவதை மட்டும் நினைத்து டைல்ஸ் இடுக்குகளில் வெள்ளைச் சிமெண்டை அப்பியிருப்பார். அந்த இடுக்குகளை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். டைல்ஸும் இடுக்குப் பூச்சும் நீர்த்தடை அல்ல. நீர்த்தடை அவற்றுக்கு அடியில் இருக்க வேண்டிய அடுக்கு.

எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டுத் தண்ணீர் மீட்டரைப் பாருங்கள். மீட்டர் இல்லையென்றால் மேல்தொட்டியில் நீர்மட்டத்தைக் குறித்து, ஓர் இரவு எதையும் திறக்காமல் விட்டுப் பாருங்கள். அசைந்தால் வரவுக் குழாய் ஒழுகுகிறது. ஆனால் அதற்கு முன் கழிப்பறைத் தொட்டியில் கொஞ்சம் நிறச்சாயத்தைக் கலந்து இருபது நிமிடம் விடுங்கள். பீங்கானுக்குள் நிறம் இறங்கினால் தண்ணீர் குறைவது அங்கே.

மீட்டர் அசையவில்லையா? இப்போது தரையை நனைக்காமல், கழிவு வாயில் நேரே இரண்டு வாளி தண்ணீர் ஊற்றுங்கள். கீழே ஈரம் கூடினால் கழிவுக் குழாயின் இணைப்பு. கூடவில்லையென்றால் கழிவு வாயை அடைத்து, தரையில் 25 மி.மீ. உயரத்துக்குத் தண்ணீர் நிறுத்தி, விளிம்பில் கோடு போட்டு 24 மணி நேரம் பாருங்கள். கீழே தளம் தொய்ந்திருந்தாலோ பூச்சு தொங்கிக்கொண்டிருந்தாலோ இந்தச் சோதனையைச் செய்யவே கூடாது.

தரை டைல்ஸ் கதவு நிலையைவிட வழக்கத்துக்கு மாறாக உயர்ந்திருந்தால், பழைய டைல்ஸின் மேலேயே புதியதை ஒட்டியிருக்கிறார்கள். ஒவ்வோர் அடுக்கும் சதுர மீட்டருக்கு 20 கிலோவுக்கு மேல் சுமை ஏற்றுகிறது. இரண்டு அடுக்குக்கும் இடையில் தேங்கும் நீர் எங்கே நுழைந்தது, எங்கே இறங்குகிறது என்பதைக் கண்டுபிடிக்கவும் முடியாது. இதை மட்டும் ஒட்டுப்போட்டுச் சமாளிக்க முயல வேண்டாம். தளம் வரை பெயர்த்து, வாட்டம் சரிசெய்து, நீர்த்தடையைச் சுவரிலும் ஏற்றி, மறுபடி நீர் நிறுத்திச் சோதித்த பிறகே டைல்ஸ் பதிக்க வேண்டும். செலவு அதிகம்தான். ஆனால் இரண்டாம் முறை பெயர்க்கும் செலவு அதைவிட அதிகம்.

## கழிவுநீர் மெதுவாக இறங்குகிறது, வாடை வருகிறது

வாடை மட்டும் என்றால் முதலில் கைகழுவும் தொட்டியின் அடியில் பாருங்கள். நெளிகுழாயைக் கழிவுக் குழாய்க்குள் வெறுமனே செருகி, சுற்றிலும் திறந்தே விட்டிருப்பார்கள். ரப்பர் வளையம் போட்டால் தீர்ந்தது. அப்படி இல்லையென்றால் நீர் தேங்கும் வளைவில் 50 மி.மீ. தண்ணீராவது நிற்கிறதா என்று பாருங்கள். கழிப்பறையில் தண்ணீர் விடும்போது தரை வாயில் ‘குளுக்’ என்று சத்தம் வந்து மட்டம் இறங்கினால், காற்றுக் குழாய் அடைபட்டிருக்கிறது. அல்லது மாடியை மாற்றியபோது யாரோ அதை வெட்டி மூடிவிட்டார்கள்.

அடிக்கடி அடைத்துக்கொண்டால் வாட்டத்தை அளக்க வேண்டும். மீட்டருக்கு 12 முதல் 25 மி.மீ. இறக்கம் வழக்கம். ரசமட்டத்தை வைத்துப் பார்த்தால், புதிதாகச் சேர்த்த துண்டு மட்டும் சமமாகவோ எதிர்ப்பக்கம் சாய்ந்தோ இருப்பது தெரிந்துவிடும். ஒரே வழியில் நீர் தேங்கும் வளைவுகள் இரண்டு அடுத்தடுத்து இருந்தால் இடையில் காற்று மாட்டிக்கொண்டு நீர் இறங்காது, ஒன்றை எடுத்துவிடுங்கள். அமிலம் ஊற்றி ஊற்றிச் சமாளித்த குழாயை வெட்டும்போது கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள்.

## வெந்நீர்க் குழாயின் இணைப்புகள் ஒவ்வொன்றாக ஒழுகுகின்றன

சாதாரண யு.பி.வி.சி. பிளாஸ்டிக் குழாய் 60 டிகிரி வரைதான் தாங்கும், வெந்நீருக்கென்று உள்ள சி.பி.வி.சி. 93 டிகிரி வரை. குழாயின் மேலே அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். குழாய் சரியாக இருந்தும் ஒழுகினால், சி.பி.வி.சி.க்கு உரிய பசைக்குப் பதிலாக வேறு பசை போட்டிருக்கலாம். அந்த இணைப்பின் மேல் எதைப் பூசினாலும் நிற்காது; வெட்டி மாற்றுங்கள்.

இதே நேரத்தில் ஹீட்டரின் பாதுகாப்பு வால்வையும் பாருங்கள். சொட்டுகிறது என்று அதன் வாயைத் திருகு போட்டு அடைத்திருந்தால், ஹீட்டரை உடனே அணைத்துவிடுங்கள். தெர்மோஸ்டாட் பழுதாகும் நாளில் அழுத்தம் வெளியேற அந்த ஒரு வழிதான் இருக்கிறது. அது இல்லையென்றால் தொட்டி வெடிக்கும். சொட்டுவதற்குக் காரணம் அதிக அழுத்தமா, அதிக வெப்பமா, வால்வே தேய்ந்துவிட்டதா என்று பார்த்து மாற்ற வேண்டும்.

கேஸ் அடுப்போ கேஸ் ஹீட்டரோ நீலத்துக்குப் பதில் மஞ்சளாக எரிந்தால், பக்கத்தில் கரி படிந்தால், அந்த அறையில் இருக்கும்போது தலைவலி வந்தால், முன்னவர் புகைப்போக்கியையோ காற்று வரும் துளையையோ மூடியிருக்கக்கூடும். கார்பன் மோனாக்சைடுக்கு வாசம் கிடையாது. அணைத்து, ஜன்னல்களைத் திறந்து, வெளியே வந்துவிடுங்கள். இதில் உங்கள் கை படவே வேண்டாம்; தகுதியுள்ளவரை வரவழையுங்கள்.

## கூரைப் பூச்சு விழுகிறது. நேர்கோட்டில் விரிசல் ஓடுகிறது

கூரையில் நேர்கோடாக, சம இடைவெளியில் விரிசல் ஓடினால் அது கம்பி போகும் கோடு. நல்ல கான்கிரீட்டின் காரத்தன்மை கம்பியைத் துருவிலிருந்து காக்கிறது. காற்றும் ஈரமும் உள்ளே போகப் போக அந்தக் காரம் குறைகிறது, கம்பி துருவேறுகிறது. துரு, இரும்பைவிட 2 முதல் 6 மடங்கு இடம் கேட்கும். அந்த அழுத்தம்தான் கான்கிரீட்டைக் கீழே தள்ளுகிறது. முன்னவர் விழுந்த இடத்தில் சிமெண்ட் சாந்தை அப்பியிருந்தால், கம்பியில் இருந்த துரு அதற்குள்ளும் வளர்ந்து அதையும் தள்ளிவிடும்.

முட்டுக் கொடுத்த பிறகே தட்டத் தொடங்குங்கள். கம்பியின் பின்பக்கம் விரல் நுழையும் வரை கான்கிரீட்டை எடுத்து, துருவை முழுக்கத் தேய்த்து, கம்பிக்குத் துருத்தடைப் பூச்சு கொடுத்து, அதற்கென்று உள்ள பழுதுநீக்கும் சாந்தால் நிரப்ப வேண்டும். கம்பி கண்ணுக்குத் தெரியும்படி மெலிந்திருந்தால் கட்டடப் பொறியாளர் பார்க்காமல் மூடாதீர்கள். மேலே இருக்கும் மொட்டைமாடியின் ஒழுகலை நிறுத்தாமல் கீழே செய்யும் எந்த வேலையும் நிலைக்காது.

## கதவு உரசுகிறது. ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக விரிசல்

மழைக்காலத்தில் மட்டும் உரசினால் மரம் ஊதியிருக்கிறது, விட்டுவிடலாம். ஆண்டு முழுவதும் உரசி, கதவின் மேல் விளிம்பு சாய்வாகச் சீவப்பட்டிருந்தால் கவனியுங்கள். முன்னவர் கதவைச் சீவிச் சீவிச் சரிசெய்திருக்கிறார், சாய்ந்தது நிலை. தூக்குண்டு விட்டுப் பாருங்கள்.

என் வீட்டில் கூடத்தின் மூலையில் அழகில்லாத ஒரு மரத்தூண் இருந்தது. அலமாரிக்காக வைத்தது என்று எண்ணி எடுத்துவிட்டேன். பத்து நாளில் மாடி அறையின் கதவு தரையில் இழுபட்டது. அப்போதுதான் மேலே பார்த்தேன்: இரண்டு அறைகளைக் கூடமாக்குவதற்காக ஒரு சுவரை முன்னவர் இடித்திருக்கிறார். அதன் இடத்தில் உத்திரம் எதுவும் இல்லை. தளம் தொய்யத் தொடங்கியதும் பயந்துபோய் அந்தத் தூணை வைத்திருக்கிறார். அன்றிரவே இரும்பு முட்டுகளைக் கொடுத்தோம். பொறியாளர் வந்து கணக்கிட்டு இரும்பு உத்திரம் ஏற்றும் வரை கூடத்தை யாரும் பயன்படுத்தவில்லை. அந்தத் தூண் ஏன் அங்கே இருக்கிறது என்று ஒரு நிமிடம் நின்று யோசித்திருந்தால் போதும். அந்தப் பத்து நாளும் அந்தத் தளத்துக்குக் கீழே என் குடும்பம் நடமாடியதை இன்றும் என்னால் இலேசாக நினைக்க முடியவில்லை.

எனவே இருக்கும் தூண், துண்டுச் சுவர், இரும்புக் கோணம் எதையும் ‘தேவையில்லை’ என்று நிரூபிக்கும் வரை எடுக்காதீர்கள். தரையில் டைல்ஸோ மொசைக்கோ ஒரு பட்டையாக மட்டும் வேறு நிறத்தில் இருந்தால் அங்கே ஒரு சுவர் இருந்தது. அதற்கு நேர்மேலே என்ன தாங்குகிறது என்று தேடுங்கள். விரிசலுக்குப் பட்டி அடைக்கும் முன் அதன் இரு முனையிலும் பென்சிலால் குறுக்குக் கோடு போட்டுத் தேதி எழுதி, சின்னக் கண்ணாடித் துண்டொன்றைக் குறுக்கே சாந்தால் ஒட்டுங்கள். கண்ணாடி உடைந்தாலோ, முனை கோட்டைத் தாண்டினாலோ, அகலம் 5 மி.மீ.யை எட்டினாலோ வேலையை நிறுத்திவிட்டுப் பொறியாளரை அழையுங்கள். மாதக்கணக்கில் அசையாத மயிரிழை விரிசலுக்கு மட்டும்தான் பட்டி.

## சுவரை மூடுவதற்கு முன்

பூச்சுப் போடும் நாளில் அவசரம் அதிகமாக இருக்கும். கொத்தனார் சாந்தைக் குழைத்துக்கொண்டு நிற்பார். ஆனாலும் திறந்த சுவர் ஒவ்வொன்றின் மேலும் அளவு நாடாவைப் பிடித்துப் படம் எடுங்கள். தரையிலிருந்து எவ்வளவு உயரம், மூலையிலிருந்து எவ்வளவு தூரம் என்பது படத்திலேயே படிக்கும்படி இருக்க வேண்டும். கைவிட்ட வயர்களை மின்பெட்டியிலிருந்தே கழற்றிவிடுங்கள். முனையில் டேப் சுற்றி விடாதீர்கள். கைவிட்ட குழாயை அது கிளைபிரியும் இடத்திலேயே மூடுங்கள். எந்த எம்.சி.பி. எந்த அறைக்கு, எந்த வால்வு எந்தக் குழாய்க்கு, எங்கே உத்திரம் ஏற்றினோம், எந்தச் சுவரில் எந்த ஆண்டு எதைக் கண்டோம் என்று ஒரு தாளில் எழுதி, பிளாஸ்டிக் உறையில் போட்டு, மின்பெட்டிக் கதவின் உட்புறம் ஒட்டிவையுங்கள். என் வீட்டில் அந்தத் தாள் இப்போது மூன்றாம் பக்கத்தில் இருக்கிறது.